வலைக்கு எத்தனை என்பதைத் தாண்டி: வால்ஐ கணக்கெடுப்பு அறிக்கையைப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், கனடாவின் ஒன்டாரியோ பக்கம் வால்ஐ என்ற நன்னீர் மீனைப் பிடிக்கிற பலர், புது ஏரிக்குக் கிளம்புமுன் அந்த ஏரியின் மீன் கணக்கெடுப்பு அறிக்கையைத் திறந்து ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்கள்: செவுள் வலை ஒன்றுக்கு எத்தனை வால்ஐ. 12 என்றால் கிளம்பலாம், 3 என்றால் வேறு ஏரி பார்க்கலாம். அந்த எண்ணில் தப்பில்லை. ஆனால் அறிக்கையில் இருப்பதிலேயே தூண்டில்காரருக்கு மிகக் குறைவாக உதவுவது அதுதான். அதிகம் உதவுவது, கீழே நீளவாரியாகவும் வயதுவாரியாகவும் போட்டிருக்கும் அட்டவணை. அதைப் பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை.

முதலில் அந்த வலை எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். மின்னசோட்டாவின் இயற்கைவளத் துறை, எல்லோரும் டி.என்.ஆர். என்று சொல்வது, பயன்படுத்தும் வழக்கமான செவுள் வலை 250 அடி நீளம், 6 அடி உயரம். அது ஐம்பது ஐம்பது அடியாக ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றிலும் கண்ணி அளவு வேறு: முடிச்சுக்கு முடிச்சு முக்கால் அங்குலம், 1, ஒன்றேகால், ஒன்றரை, 2 அங்குலம். ஒரு இரவு தண்ணீரில் கிடக்கும், மறுநாள் தூக்குவார்கள். மொத்த மீனை மொத்த வலைகளால் வகுத்தால் வருவதுதான் 'வலைக்கு எத்தனை'.

ஒவ்வொரு கண்ணியும் ஒரு குறிப்பிட்ட பருமன் உள்ள மீனைத்தான் செவுளில் மாட்டும். அதைவிடச் சிறியது நழுவிப் போகும், பெரியது மோதித் திரும்பும். அதனால் அந்த வருடம் பொரித்த குஞ்சு இந்த வலையில் அநேகமாக விழாது. 28 அங்குலத்துக் கிழட்டுப் பெட்டையும் ஏரியில் இருக்கிற விகிதத்தில் விழாது. அறிக்கையில் பெரிய மீன் இல்லையே என்று ஏரியை ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்.

இன்னொன்று, செவுள் வலை மீனைத் தேடிப் போவதில்லை. மீன் நீந்தி வந்து மாட்ட வேண்டும். தண்ணீர் சூடு, காற்று, தண்ணீரின் தெளிவு எல்லாம் மீனின் நடமாட்டத்தை மாற்றும், வலையில் விழுவதையும் மாற்றும். வரிக்குதிரைச் சிப்பி புகுந்து தண்ணீர் தெளிந்துவிட்ட ஏரியில், மீன் எண்ணிக்கை மாறாமலே வலை எண் மாறலாம். ஆகவே ஒரு வருடத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்று கணக்கெடுப்புகளை வரிசையாக வையுங்கள், அவை ஒரே பருவத்தில் எடுத்தவையா என்று தேதியைப் பாருங்கள், பிறகு போக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஜூன் வலையையும் செப்டம்பர் வலையையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

மின்னசோட்டா அறிக்கையில் பக்கத்திலேயே 'வழக்கமான வீச்சு' என்று இரண்டு எண்கள் இருக்கும். பரப்பு, ஆழம், நீரின் வேதியியல் இவற்றை வைத்து அங்குள்ள ஏரிகளை 44 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதே வகை ஏரிகளின் நடுப் பாதி எந்த எல்லைக்குள் விழுகிறது என்பதே அந்த வீச்சு. ஆழமான, தெளிந்த, குளிர்ந்த ஏரியில் வலைக்கு 4 என்பது நல்ல எண்ணாக இருக்கலாம். ஆழமில்லாத, வளமான, காற்றடிக்கும் ஏரியில் அதே 4 சரிவின் அடையாளமாக இருக்கலாம். வேறு வேறு வகை ஏரிகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பது வீண் வேலை.

ஒன்டாரியோவின் வலை வேறு. அங்கே வெகுகாலம் நடந்த இலையுதிர்கால வால்ஐ வலைக் கணக்கெடுப்பில், தண்ணீர் 15 டிகிரி செல்சியஸிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கும் வாரங்களில், எட்டுக் கண்ணி அளவுகள் கொண்ட 61 மீட்டர் வலையைச் சுமார் 24 மணி நேரம் போடுவார்கள். கண்ணி, இழுத்துப் பிடித்த அளவில், 25 மில்லிமீட்டரிலிருந்து 152 வரை. 2008 முதல் மாகாணம் முழுக்க நடக்கிற பரந்த கண்காணிப்பு, கோடையில் வேறு வலைகளோடு, ஐந்தாண்டுச் சுற்றில் ஏரிகளை எடுக்கிறது. இந்த மூன்று வகை எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. கண்ணி அளவை அமெரிக்க-கனடா எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதமாகவும் அந்தப் பக்கம் ஒரு விதமாகவும் அளக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முடிச்சுக்கு முடிச்சு 1 அங்குலம் என்பது இழுத்துப் பிடித்தால் 2 அங்குலம்.

பொறிவலையில் விழுந்த வால்ஐ எண்ணையும் அறிக்கையில் போட்டிருப்பார்கள். கோடையில் கரையோரம் வைத்த பொறிவலை சூரியமீன், கிராப்பி போன்றவற்றுக்கானது. வால்ஐக்கு அதைப் பார்க்க வேண்டாம்.

உண்மையிலேயே 'இந்த ஏரியில் இத்தனை வால்ஐ' என்று சொல்லக்கூடிய முறை ஒன்று உண்டு. விஸ்கான்சினின் வட பகுதியில் அதைத்தான் அதிகம் செய்கிறார்கள். பனி உருகிய உடனே, முட்டையிடக் கரைக்கு வரும் மீன்களை வளைய வலைகளில் பிடித்து, துடுப்பில் ஒரு சிறு துண்டு வெட்டி அடையாளமிட்டு விடுவிப்பார்கள். சில நாள் கழித்து, இரவில், மின்சாரம் பாய்ச்சும் படகில் கரையைச் சுற்றி வந்து மறுபடி பிடிப்பார்கள். அதில் எத்தனை மீனுக்கு வெட்டுக் குறி இருக்கிறது என்பதே கணக்கு. உதாரணத்துக்கு, குறியிட்டது 800, இரண்டாம் முறை பிடித்தது 400, அதில் குறி உள்ளவை 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டோடும் ஒன்று ஒன்று கூட்டிப் பெருக்கி, மூன்றாவதோடு ஒன்று கூட்டி வகுத்து, கடைசியில் ஒன்று கழிக்க வேண்டும்: 801 பெருக்கல் 401 வகுத்தல் 81, கழித்தல் 1. சுமார் 3,964 முதிர்ந்த வால்ஐ. ஏரி 1,000 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு நான்கு. விஸ்கான்சினில் தானாக இனம் பெருகும் ஏரிக்கு ஏக்கருக்கு மூன்று முதிர்ந்த மீன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. ஆகவே இது நல்ல நிலை.

இந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் மூன்றாவது எண்ணில். குறி உள்ளவை 80-க்குப் பதில் 8 மட்டும் கிடைத்திருந்தால் விடை சுமார் 35,700. அந்த எட்டு ஒன்பதானால் 32,100, ஏழானால் 40,100. ஒற்றை மீன் நான்காயிரம் மீனை ஆட்டிவைக்கிறது. அதனால் அறிக்கையில் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் பிழை எல்லை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லை மிக அகலமாக இருந்தால் நடு எண்ணை நம்ப வேண்டாம். இரண்டாவது சிக்கல் கடுவன்கள். ஆண் வால்ஐ முட்டையிடும் கற்பாறைத் திட்டில் நாட்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும், பெட்டை வந்து முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். வலையில் ஆணே குவியும். அதனால் ஒழுங்காகச் செய்தவர்கள் ஆண், பெண் தனித்தனியாக மதிப்பிட்டிருப்பார்கள். மொத்தம் என்று ஒரே எண் மட்டும் இருந்தால் பெட்டை குறைவாக எண்ணப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மதிப்பீட்டின் மேல்தான் அங்கே பிடி வரம்பு நிற்கிறது. 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்த ஓஜிப்வே பழங்குடி மக்கள், அங்கே மீன்பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று 1983-இல் நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு வந்த விதி: ஒரு ஏரியில் முதிர்ந்த வால்ஐயில் 35 சதவீதத்துக்கு மேல் பிடிபடும் வாய்ப்பு நாற்பதில் ஒன்றைத் தாண்டக் கூடாது. மதிப்பீடு பழையதாக இருந்தால் பாதுகாப்புக்காக அனுமதியை இன்னும் குறைப்பார்கள். ஏரியில் மீன் குறைந்தால் ஓஜிப்வே மக்களின் வசந்தகால ஈட்டி மீன்பிடியைக் குறை சொல்வது பலருக்குப் பழக்கம். ஆனால் எந்த ஏரியில் எத்தனை என்று இரவுதோறும் அனுமதி கொடுத்து, கரையிலேயே எண்ணிக் குறிக்கிற மீன்பிடி அது ஒன்றுதான். தூண்டில் பிடியைக் கேள்வி கேட்டு ஊகிக்கத்தான் முடிகிறது.

அந்தக் கேள்வி கேட்கிற கணக்கெடுப்பையும் சொல்லிவிட வேண்டும். படகுத் துறையில் ஒருவர் நின்று எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எத்தனை கிடைத்தது, எத்தனை வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்பார். மணிக்கு எத்தனை மீன் என்பது அதில் வரும். அந்த எண்ணை ஏரியின் நலத்துக்கு அளவாக எடுக்காதீர்கள். வால்ஐ கூட்டம் கூடும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும், இப்போது சோனார் திரை வேறு இருக்கிறது. ஏரியில் பாதி மீன் போன பிறகும், மிச்சம் உள்ளவை அதே திட்டில் கூடுவதால் மணிக்கு எத்தனை என்பது ஏறக்குறைய அப்படியே நிற்கும். பிறகு திடீரென்று விழும். விழும்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

இப்போது நீள அட்டவணை. வால்ஐக்கு ஐந்து நீளப் படிகள் வைத்திருக்கிறார்கள்: 10, 15, 20, 25, 30 அங்குலம். 10 அங்குலத்துக்கு மேல் உள்ளவற்றில் 15-க்கு மேல் எத்தனை சதவீதம் என்பது ஒரு குறியீடு. 30-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் சமநிலை என்று பொதுவாகக் கொள்வார்கள். வலைக்கு 8 என்று ஒரே எண் போட்ட இரண்டு ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இந்தக் குறியீடு 20, மற்றதில் 75. முதலாவதில் இந்த வருடம் கைக்கு அடங்கும் மீனாக நிறையக் கடிக்கும், சட்டிக்கு அதிகம் தேறாது, ஆனால் வளர்ச்சி சரியாக இருந்தால் இரண்டு வருடத்தில் கொண்டாட்டம். இரண்டாவது இந்த வருடம் அருமை. ஆனால் சின்ன மீன் எங்கே? அடுத்தடுத்து மூன்று வருடம் குஞ்சு பிழைக்காத ஏரியும் இப்படித்தான் தெரியும். இந்த வருடம் இரண்டாவது ஏரிக்குப் போங்கள், அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் மறுபடி பாருங்கள்.

சின்ன மீன் எங்கே என்பதற்கு விடை வயது அட்டவணையில். வால்ஐ வருடா வருடம் சீராகப் பெருகுவதில்லை. முட்டையிட்ட பிறகு குளிர் திரும்பினால், காற்று முட்டையைக் கரையில் ஒதுக்கினால், குஞ்சுக்குத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய இரை சரியான வாரத்தில் இல்லாவிட்டால் அந்த வருடம் காலி. எல்லாம் பொருந்திய வருடத்தில் பொரித்த கூட்டம் பத்து வருடம் ஏரியைத் தாங்கும். அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியில் 2003-இல் பொரித்த கூட்டம் அப்படித்தான் தாங்கியது. பிறகு 2015, 2018, 2019, 2021 என்று வலுவான வருடங்கள் நெருங்கி நெருங்கி வந்ததால்தான் அங்கே அண்மை வருடங்களில் தூண்டில் இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அங்கே ஆகஸ்டில் மேற்குப் பகுதியில் அடிமடி வலை இழுத்து அந்த வருடக் குஞ்சை ஹெக்டேருக்கு இத்தனை என்று எண்ணுகிறார்கள். அந்த மீன்கள் இரண்டு மூன்று வயதில் 15 அங்குலத்தைத் தொடும். ஆகஸ்டு அறிக்கையைப் படிப்பவருக்கு இன்னும் மூன்று கோடை தள்ளி என்ன கிடைக்கும் என்று இன்றே தெரியும். அங்கே வருட மொத்தப் பிடியையும் வயதுவாரி மாதிரிக் கணக்கில்தான் தீர்மானிக்கிறார்கள். 

வடக்கே உள்ள சிறு ஏரிகளில் இதற்குச் சமமானது இலையுதிர்கால மின்சாரப் படகு. செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் கரையோரம் ஓட்டி, மைலுக்கு எத்தனை குஞ்சு என்று எழுதுவார்கள். இதை அப்படியே விழுங்க வேண்டாம். முதல் குளிர்காலத்தில் சிறிய குஞ்சுகளே அதிகம் சாகும். மைலுக்கு நிறைய இருந்தும் எல்லாம் 4 அங்குலம் என்றால் பாதி நம்புங்கள். குறைவாக இருந்தும் 6, 7 அங்குலம் என்றால் நம்பிக்கை வையுங்கள். அடுத்த வருடம் ஒரு வயது மீன் எத்தனை என்ற வரி வந்ததும் உறுதியாகும். வடக்கில் குளிர்ந்த ஏரியில் 14, 15 அங்குலம் வர நான்கு வருடம் போல ஆகும், கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

வயதை எதில் பார்த்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய அறிக்கைகளில் செதிலில் பார்த்திருப்பார்கள். வயதான மீனின் செதிலில் கோடுகள் ஓரத்தில் நெருங்கி ஒன்றாகிவிடும், 12 வயது மீன் 8 என்று பதிவாகும். இப்போது காதுக்கல்லையோ முதுகுத் துடுப்பின் முள்ளையோ வெட்டிப் பார்க்கிறார்கள். காதுக்கல்தான் நம்பகமானது, ஆனால் மீனைக் கொல்ல வேண்டும். ஏரியின் மீன்கள் திடீரென்று மெதுவாக வளர்வதுபோல் ஒரு அறிக்கையில் தெரிந்தால், முறை மாறிய வருடமா என்று முதலில் பாருங்கள்.

எடை வரியை விட்டுவிடாதீர்கள். வால்ஐக்கு நீளத்துக்கேற்ற தர எடை ஒன்று உண்டு: 15 அங்குலத்துக்குச் சுமார் 570 கிராம், 20-க்கு 1,420, 25-க்கு 2,880. உண்மையான எடையை இதால் வகுத்து நூறால் பெருக்கினால் உடல்நிலை எண். 95-க்கு மேல் நன்கு தின்ற மீன், 80-ஐ ஒட்டினால் பட்டினி. தூண்டில்காரரைக் குழப்புவது இங்கேதான். வால்ஐக்கு இரையாகும் பெர்ச் மீன் குஞ்சு கொழித்த வருடத்தில் வலையில் வால்ஐ நிறைய இருக்கும், உடல்நிலை நன்றாக இருக்கும், தூண்டிலில் ஒன்றும் கடிக்காது. இரை இல்லாத வருடத்தில் அதே மீன் எதைப் போட்டாலும் விழுங்கும்; ஏரியில் மீன் பொங்கி வழிகிறது என்று எல்லோரும் பேசுவார்கள். கடி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஏரியின் எண்ணிக்கையை ஊகித்தால், பல சமயம் நேர்மாறாகவே ஊகிப்போம்.

மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் இந்தச் சண்டை வருடக்கணக்கில் நடந்தது. 1,32,000 ஏக்கர் ஏரி. பிடி வரம்பு மாநிலத்துக்கும் ஓஜிப்வே குழுக்களுக்கும் பவுண்ட் கணக்கில் பிரிக்கப்படுகிறது. வலைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் தெளிந்தது, குஞ்சு பிறந்தும் இரண்டாம் வயதைத் தாண்டவில்லை. வரம்பு தீர்ந்து 2015 ஆகஸ்டு 3 அன்று வால்ஐ பிடி பாதியிலேயே மூடப்பட்டது. 2016-இல் பிடித்து விடுவது மட்டும். ஏரியில் 2013-இல் பொரித்த ஒரே வலுவான கூட்டம் இருந்தது, அதைத்தான் காப்பாற்றினார்கள். அப்போது படகில் இருந்தவர்களுக்கோ கடி அமோகமாக இருந்தது, அதனால் துறை சொல்வது பொய் என்ற கோபம். வயது அட்டவணையைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும்: கடித்தவை பெரும்பாலும் அந்த ஒரே வருடத்து மீன்கள்.

அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. விடுவித்த மீனில் ஒரு பங்கு செத்துப்போகும், அந்த எடையும் வரம்பில் கழியும். தண்ணீர் சூடு ஏற ஏற அந்தப் பங்கு ஏறும். 2017 ஜூலையில் சில வாரம் வால்ஐ பிடியையே நிறுத்தியது இதனால்தான். ஆகவே கோடை உச்சத்தில், 30 அடிக்குக் கீழே வால்ஐ பிடித்து விடுவிப்பதை நிறுத்திவிடுங்கள். நீந்திப் போனது போலத் தெரிந்தாலும் காற்றுப்பை உப்பிய மீன் பிறகு சாகலாம். தூண்டிலை ஆழமாக விழுங்கிய மீனுக்கு நூலை வாயருகே வெட்டிவிடுவதே மேல், முள்ளைத் தோண்டி எடுப்பது அதைக் கொல்லும்.

ஏரி முற்றிலும் போய்த் திரும்பிய உதாரணம் அதே மாநிலத்தின் ரெட் லேக். 1990-களில் வால்ஐ சரிந்து, 1999-இல் பிடி முழுவதும் நிறுத்தப்பட்டது. 1999, 2001, 2003 என்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் குஞ்சு விட்டார்கள், 2006-இல் திறந்தார்கள். ஒரு வருடம் விட்டு விடுவதில் காரணம் இருக்கிறது: விடாத வருடத்திலும் நல்ல கூட்டம் வந்தால் ஏரி தானாகவே பெருகத் தொடங்கிவிட்டது என்று வயது அட்டவணையே சொல்லிவிடும். உங்கள் ஏரியில் குஞ்சு விட்ட வருடங்களின் பட்டியலை வயது வரிகளோடு பொருத்திப் பாருங்கள். விடாத வருட மீன்தான் வலையில் அதிகம் என்றால், இன்னும் குஞ்சு விடு என்று மனுப் போடுவதில் பயனில்லை. விட்ட குஞ்சு இருக்கிற குஞ்சோடு இரைக்குப் போட்டி போடும், அவ்வளவுதான்.

சில அறிக்கைகளில் ஆழவாரியாக வெப்பமும் கரைந்த ஆக்சிஜனும் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 24 அடி என்றால், அதற்குக் கீழே சோனாரில் எது தெரிந்தாலும் வால்ஐக்காக அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். இந்த ஒரு வரி பாதி ஏரியைத் தேடல் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

நீளத் தடை விதியையும் அட்டவணையோடு சேர்த்துப் படித்தால் எரிச்சல் குறையும். லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியின் மின்னசோட்டாப் பக்கம் 19.5 முதல் 28 அங்குலம் வரை உள்ள வால்ஐயைக் கட்டாயம் விட வேண்டும். அந்த நீளத்தில் இருப்பவை பெரும்பாலும் முட்டையிடும் பெட்டைகள். சட்டிக்கு 15, 16 அங்குலம் போதும், சுவையும் அதில்தான்.

பிடித்த மீனில் கணக்கெடுப்பவர்கள் மாட்டிய குறியட்டை இருந்தால் எண், தேதி, இடம், நீளம் நான்கையும் உடனே எழுதி அட்டையில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். மீனை விடுவதாக இருந்தால் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு அட்டையோடு விடுங்கள், அறுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் ஒழிய. எண் மட்டும் அனுப்பிவிட்டு நீளத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த மீன் எவ்வளவு வளர்ந்தது என்பது அப்போது தெரியாமலே போய்விடும். படகுத் துறையில் கேள்வி கேட்க வருபவரிடம் வெறுங்கையோடு திரும்பிய நாளையும் சொல்லுங்கள். நல்ல நாள் மட்டும் பதிவானால் மணிக்கு எத்தனை என்பது ஊதிப்போகும், அடுத்த வருட வரம்பு அந்த ஊதிய எண்ணில் நிற்கும்.